கிரேக்க, ரோமானியத் தொல்வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் பயில்வோருக்கு ஒரு வழிகாட்டி

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தம் நகரத்தின் வரலாற்றை 142 பகுதிகளாக எழுதினார். அவற்றுள் நம் கைக்கு வந்து சேர்ந்தவை 35 மட்டுமே. ரோமின் எழுச்சியைப் பற்றிக் கிரேக்கரான பொலிபியஸ் எழுதிய 40 பகுதிகளில் முதல் ஐந்துதான் முழுமையாகக் கிடைத்துள்ளன. டாசிட்டஸ் எழுதிய பேரரசர் கால ஆண்டு வரலாற்றின் 11 முதல் 16 வரையிலான பகுதிகள், 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மான்ட்டே கசீனோ மடத்தில் படியெடுக்கப்பட்டு இப்போது ஃபிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கும் ஒரு சுவடியை நம்பியே தப்பிப் பிழைத்தன. அந்தச் சுவடி எரிந்திருந்தால் கிளாடியஸ், நீரோ ஆகியோரின் ஆட்சியைப் பற்றி இன்று நாம் எழுதும் புத்தகங்களில் பாதி எழுதப்பட்டிருக்காது.

இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பயிலும் மாணவருக்கு ஆவணங்கள் மிகுதி என்பதே தொல்லை. எதை விடுவது என்று அவர் கற்றுக்கொள்ள வேண்டும். தொல்வரலாற்று மாணவரின் நிலை நேர்மாறானது. ஒரு காலகட்டத்துக்கான எழுத்துச் சான்றுகள் அனைத்தையும் ஒரு மேசையில் அடுக்கிவிடலாம் என்ற நிலை இங்கே அடிக்கடி வரும். ஆகவே, எவ்வளவு படித்தீர்கள் என்பதைவிட, இருக்கும் சிறிதளவை எவ்வளவு நுணுகிப் படித்தீர்கள் என்பதைக் கொண்டே இத்துறையில் மாணவர் மதிப்பிடப்படுகிறார். படிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைப்பது வரை கீழே சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

எந்தப் பட்டம்?

பிரிட்டானியப் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டால், இத்துறைக்குள் நுழைய மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது செவ்வியல் மொழிப் பட்டம்; கிரேக்கமும் இலத்தீனும் அதன் முதுகெலும்பு, வரலாறும் தத்துவமும் இலக்கியமும் அவற்றின் மீது ஏறி நிற்கும். ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கு நான்கு ஆண்டுகள். கேம்பிரிட்ஜில் பள்ளியிலேயே இலத்தீன் படித்து வந்தவருக்கு மூன்று ஆண்டுகளும், படிக்காதவருக்கு ஒரு முன்னாண்டு சேர்த்து நான்கு ஆண்டுகளும் ஆகும். இரண்டாவது தொல்வரலாற்றுப் பட்டம். இதில் மொழி பெரும்பாலும் விருப்பப் பாடம், மூலநூல்களை மொழிபெயர்ப்பில் படிக்க அனுமதி உண்டு. மூன்றாவது செவ்வியல் தொல்லியலோடு வரலாற்றை இணைத்துப் பயிலும் பட்டம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவற்றில் சிறப்புப் பட்டம் என்றாலே நான்கு ஆண்டுகள்தான் என்பதையும், ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்க முந்தைய ஆண்டு அக்டோபர் 15 கடைசி நாள் என்பதையும் வெளிநாட்டு மாணவர்கள் மறந்துவிடலாகாது.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் மாணவர் பள்ளியில் இலத்தீனைப் பார்த்தே இருக்கமாட்டார். இலங்கையில் உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகத்தைப் பாடமாகப் படித்தவருக்கும் வரலாற்று அறிமுகம் இருக்குமே ஒழிய மொழி இருக்காது. இதனால் அஞ்ச வேண்டியதில்லை. மொழியறியாதவருக்கென்றே அடிப்படையிலிருந்து தொடங்கும் வகுப்புகள் மேற்சொன்ன எல்லா வகைப் பட்டங்களிலும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் துறையின் பாடத்திட்டத்தில் இரண்டு செய்திகளை மட்டும் தேடுங்கள்: தொடக்கநிலைக் கிரேக்கமும் இலத்தீனும் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றனவா, கல்வெட்டு, நாணயம், பாப்பிரஸ் (எகிப்திய நாணலால் செய்த எழுதுதாள்) ஆகியவற்றுள் ஒன்றையாவது தனிப் பாடமாக எடுக்க முடியுமா? இவ்விரண்டும் உள்ள துறை, பெயர் பெற்ற தரவரிசையில் சற்றுக் கீழே இருந்தாலும், இவை இல்லாத துறையைவிட உங்களுக்கு நல்லது. வெளிநாட்டு மாணவருக்கு நான்காம் ஆண்டின் கட்டணம் பெருஞ்சுமை என்பது உண்மைதான். ஆனால் முதுகலைக்கும் ஆய்வுக்கும் செல்லும் எண்ணம் இருந்தால், அந்தக் கூடுதல் ஆண்டில் கற்கும் மொழியைப் பின்னால் வேறு எந்த வழியிலும் அவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

மொழியைத் தள்ளிப்போடாதீர்கள்

தொல்வரலாற்றுப் பட்டத்தில் மொழி கட்டாயமில்லை என்று அறிந்ததும் பல மாணவர்கள் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி இரண்டாம் ஆண்டு வரைதான் நீடிக்கும். ஓர் ஆய்வாளர் ஒரு சொல்லின் பொருளைப் பற்றி இன்னொருவரோடு வாதிடும் கட்டுரையைப் படிக்க நேரும்போது, மொழியறியாத மாணவர் இருவரில் ஒருவரை நம்பித்தான் ஆக வேண்டும். யார் சொல்வது சரி என்று தாமே தீர்மானிக்க அவருக்கு வழியில்லை. ஆகவே முதலாண்டிலேயே ஒரு மொழியைத் தொடங்கிவிடுங்கள்.

எந்த மொழி என்று கேட்டால், ரோமில் ஆர்வம் உள்ளவருக்கும்கூட நான் கிரேக்கத்தையே முதலில் சொல்வேன். ரோமானியப் பேரரசின் வரலாற்றை எழுதியவர்களில் பொலிபியஸ், புளூட்டார்க், அப்பியன், ஜோசிஃபஸ், காசியஸ் டியோ என்று பெரும் பகுதியினர் கிரேக்கத்தில் எழுதியவர்கள். பேரரசின் கிழக்குப் பாதி பெரும்பாலும் கிரேக்கத்திலேயே கல்வெட்டுப் பொறித்தது. மேலும், இலத்தீனை ஒரு நல்ல இலக்கண நூலை வைத்துக்கொண்டு ஓரளவு தானாகக் கற்றுவிடலாம். கிரேக்க வினைச்சொற்களுக்கோ ஆசிரியரின் துணை வேண்டும். அந்த ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே அவரைப் பயன்படுத்திக்கொள்வது அறிவு.

தமிழ் இலக்கணத்தைப் பள்ளியில் ஒழுங்காகப் படித்த மாணவருக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. அதை அவர் பெரும்பாலும் உணர்வதில்லை. கிரேக்கத்துக்கு ஐந்து வேற்றுமை, இலத்தீனுக்கு ஆறு. எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவருக்குச் சொல்லின் ஈறு மாறினால் வாக்கியத்தில் அதன் தொழிலும் மாறும் என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இலத்தீன் வாக்கியம் வினைமுற்றை இறுதிவரை நிறுத்திவைக்கும்போது ஆங்கில மாணவர் திணறுவார். தமிழருக்கு அது பழகிய நடை. கிரேக்க உரைநடையில் நிரம்பி வழியும் எச்சங்களைப் பெயரெச்சம், வினையெச்சம் என்று தமிழில் பெயரிட்டுக்கொண்டு படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். இடறும் இடங்களும் உண்டு. தமிழில் இல்லாத, ஆங்கிலத்தின் the போன்ற சுட்டுச் சொல் கிரேக்கத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் வரும். ஆங்கிலத்தின் who, which போன்ற இணைப்புப் பெயர்கள் தொடுக்கும் துணைவாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டுகொண்டே போகும். அத்தகைய வாக்கியத்தைக் கண்டால் முதலில் வினைமுற்றைக் கண்டுபிடியுங்கள், பிறகு எழுவாயை, அதன்பின் மற்றவற்றை.

ஆங்கிலமும் மூலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சிடப்பட்ட லோப் வரிசைப் புத்தகங்கள் 1912 முதல் வெளிவருகின்றன. கிரேக்கத்துக்குப் பச்சை அட்டை, இலத்தீனுக்குச் சிவப்பு அட்டை. அவை மிகவும் பயனுள்ளவை. அதே அளவுக்கு ஆபத்தானவையும்கூட. கண் தானாக ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவும். படித்துவிட்டோம் என்ற மயக்கம் வரும். மூலப் பக்கத்தில் ஒரு பத்தியை அகராதியுடன் முட்டி மோதிப் பொருள் கண்ட பிறகே எதிர்ப்பக்கத்தைத் திறப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தொட்டதும் இலக்கணக் குறிப்பைக் காட்டும் பெர்சியஸ் போன்ற மின்னூலகங்களுக்கும் இதே விதி பொருந்தும். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம் தவறாமல் படிப்பவர், வாரக்கடைசியில் ஐந்து மணி நேரம் உட்காருபவரை ஒரு பருவத்துக்குள் முந்திவிடுவார்.

ஒரு சான்றைப் படிப்பது எப்படி: லியோன் வெண்கலத் தகடு

விதிகளைச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்பது நல்லது. கி.பி. 48-இல், கால் (Gaul, ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ்) எனப்பட்ட நாட்டின் வடபகுதித் தலைவர்கள் ரோமில் பதவி வகித்து ஆட்சி மன்றத்தில் (செனட்) அமரும் உரிமை கேட்டார்கள். பேரரசர் கிளாடியஸ் அவர்களுக்கு ஆதரவாக மன்றத்தில் உரையாற்றினார். அந்த உரை டாசிட்டஸின் ஆண்டு வரலாற்றில் 11-ஆம் பகுதி, 24-ஆம் இயலில் இருக்கிறது. அதே உரை பொறிக்கப்பட்ட வெண்கலத் தகடு ஒன்று 1528-இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. இன்று அதே நகரத்து ரோமானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு வரலாற்றாசிரியர் எழுதியதையும் அவர் எதைப் பற்றி எழுதினாரோ அந்தப் பேச்சின் ஆவணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இத்துறையில் மிக அரிது. அதனால்தான் ஆசிரியர்கள் முதலாண்டிலேயே இதைக் கொடுப்பது வழக்கம்.

முதல் வாசிப்பில் இரண்டையும் தனித்தனியே படித்து, ஒவ்வொன்றிலும் வரும் வாதங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். தகட்டில் கிளாடியஸ், இதைப் புதுமை என்று அஞ்ச வேண்டாம், இந்த நகரம் எத்தனையோ புதுமைகளைக் கண்டது என்று முன்பகுதியிலேயே கேட்டுக்கொள்கிறார். பின்னர் ரோமின் பழைய மன்னர்களுக்குப் போகிறார். நூமா சபைன் நாட்டிலிருந்து வந்தவர், மூத்த தர்க்குவின் ஒரு கொரிந்தியரின் மகன், சர்வியஸ் துல்லியஸை இத்தாலியின் பழைய இனத்தாரான எட்ரஸ்கர்கள் மஸ்தார்னா என்று அழைத்தார்கள் என்று தமக்குப் பிடித்த பழங்கதைக்குள் மூழ்குகிறார். ஓரிடத்தில் தம்மைத்தாமே விளித்து, உன் பேச்சு எங்கே போகிறது என்று மன்றத்தாருக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார். டாசிட்டஸின் உரையில் இந்த அலைச்சல் ஒன்றும் இல்லை. அங்கே கிளாடியஸ் தம் குலத்தின் முன்னோரான சபைன் நாட்டுக் கிளாசஸில் தொடங்கி, தோற்றவர்களை அயலாராக ஒதுக்கியதால் ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அழிந்தன என்று காட்டி, இன்று நாம் முன்னுதாரணம் தேடும் இச்செயல் நாளை பிறருக்கு முன்னுதாரணமாகும் என்று முடிக்கிறார். புதுமை பற்றிய எண்ணம் இரண்டிலும் உண்டு. தகட்டில் முன்னால் நிற்பது டாசிட்டஸிடம் முத்தாய்ப்பாக மாறியிருக்கிறது.

இரண்டாம் வாசிப்பில் முரண்களைத் தேடுங்கள். தகட்டில் கிளாடியஸ், கால் மக்கள் ஜூலியஸ் சீசருக்குப் பத்தாண்டுகள் போர்த்தொல்லை கொடுத்ததை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக நூறாண்டு அசையாத விசுவாசத்தை எடுத்துவைக்கச் சொல்கிறார். டாசிட்டஸின் கிளாடியஸோ, எல்லாப் போர்களையும் எண்ணிப் பார்த்தால் கால் நாட்டுப் போரைவிடக் குறுகிய காலத்தில் முடிந்தது எதுவுமில்லை என்கிறார். மூலப்பேச்சை அறிந்திருந்தே டாசிட்டஸ் இப்படி மாற்றினாரா, வாதத்துக்குக் கூர்மை வேண்டி மாற்றினாரா என்பதை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நீங்களும் ஒரு நிலைப்பாட்டை எடுக்கலாம், ஆனால் அதற்கு ஆதாரமாக இரு உரைகளிலிருந்தும் சொற்களைக் காட்ட வேண்டும்.

மூன்றாம் வாசிப்பு பலரும் மறந்துவிடுவது. வெண்கலத்தில் இருப்பதாலேயே ஒன்று நடுநிலையாகிவிடாது. லியோன், அதாவது பழைய லுக்துனம் நகரம், கிளாடியஸ் பிறந்த ஊர். கால் நாட்டு மக்களின் பொதுப் பலிபீடம் இருந்த இடம். அந்த உரையால் நன்மை பெற்றவர்கள்தாம் அதைப் பொறித்து நிறுத்தியிருக்க வேண்டும். தகட்டின் மேற்பகுதி உடைந்துவிட்டது. எனவே உரையின் தொடக்கம் நமக்குத் தெரியாது. மறுபுறம், உரிமை தரக்கூடாது என்று எதிர்த்தவர்களின் வாதங்களை 23-ஆம் இயலிலும், முதலில் கால் நாட்டின் ஏதுயி இனத்தாருக்கே உரிமை கிடைத்தது என்ற முடிவை 25-ஆம் இயலிலும் நமக்குச் சொல்பவர் டாசிட்டஸ்தான்; தகடு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆவணம் உண்மை, வரலாற்றாசிரியர் பொய் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதை இந்த ஒரு பயிற்சியே உணர்த்திவிடும்.

இதே மூன்று வாசிப்பை மற்ற நூல்களுக்கும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலப்பொனீசியப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் தம் முதல் பகுதியின் 22-ஆம் இயலில், உரைகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது கடினம் என்றும், ஒவ்வொருவரும் அந்தந்தச் சூழலில் பேசவேண்டியதைப் பேசியதாக எழுதியதாகவும் தாமே சொல்லிவிடுகிறார். அந்த இயலைப் படிக்காமல், அவர் தம் நூலில் தரும் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸின் இரங்கலுரையை மேற்கோள் காட்டுவது தேர்வாளரின் பொறுமையைச் சோதிப்பதாகும்.

கல், நாணயம், பாப்பிரஸ்

இலக்கிய நூல்களை மட்டுமே படித்துப் பட்டம் பெற்றுவிட முடியும். ஆனால் அத்தகைய பட்டம் அரைகுறையானது. இலக்கியம் ஆட்சியாளர்களையும் படைத்தலைவர்களையும் பற்றியே பேசும். வடக்கு இங்கிலாந்தின் விந்தொலாந்தாவில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரத்தகடுகளில் படைவீரர்களின் கணக்கும் கடிதமும் உள்ளன. கிளாடியா செவேரா என்ற பெண் கி.பி. 100-ஐ ஒட்டித் தம் தோழி சல்பீசியா லெபிதினாவைப் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்து எழுதிய மடல் அவற்றுள் ஒன்று. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேடுகளை 1896-97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த பாப்பிரஸ்கள் இன்னும் தொகுதி தொகுதியாக வெளிவந்துகொண்டிருக்கின்றன.

கல்வெட்டுப் பதிப்பைத் திறந்ததும் அடைப்புக்குறிகள் கண்ணைக் குழப்பும். 1931-இல் லைடன் நகரில் வகுக்கப்பட்ட குறியீட்டு முறை அது. ஒருமுறை கற்றால் வாழ்நாள் முழுதும் போதும். சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் அழிந்துபோய்ப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. வளைவு அடைப்புக்குள் இருப்பது கல்லில் சுருக்கெழுத்தாக இருந்ததன் விரிவு. இரட்டைச் சதுர அடைப்பு, பழங்காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழிக்கப்பட்டதைக் குறிக்கும். பேரரசர் கரகல்லா தன் தம்பி கேட்டாவைக் கொன்ற பிறகு பேரரசு முழுவதும் அவன் பெயர் இப்படித்தான் அழிக்கப்பட்டது. எழுத்துக்குக் கீழே புள்ளியிருந்தால் அந்த வாசிப்பு உறுதியில்லை. இக்குறிகளை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் படிப்பவர், பதிப்பாசிரியரின் ஊகத்தைக் கல்லின் வாக்காக மேற்கோள் காட்டிவிடுவார். இந்தப் பிழை மாணவரிடம் மட்டுமல்ல, அச்சான புத்தகங்களிலும் உண்டு.

ஒற்றை எழுத்து எவ்வளவு தூரம் வரலாற்றை இழுத்துச் செல்லும் என்பதற்கு எகெஸ்டா ஒப்பந்தக் கல்வெட்டு நல்ல சான்று. ஏதென்ஸ் சிசிலியின் எகெஸ்டாவோடு செய்த இந்த உடன்படிக்கையில் ஆண்டைக் குறிக்கும் ஆட்சியாளரின் பெயர் சிதைந்து, கடைசி எழுத்துகளே தெளிவாக எஞ்சின. அது ஹாப்ரான் என்றால் கி.மு. 458/7, ஆன்ட்டிஃபான் என்றால் 418/7. கல்லில் சிக்மா என்ற எழுத்து மூன்று கோடுகளால் எழுதப்பட்டிருந்தது. அந்த வடிவம் கி.மு. 445-ஐ ஒட்டி வழக்கொழிந்தது என்று பலரும் நம்பியதால் முந்தைய ஆண்டே ஏற்கப்பட்டது. ஹரால்ட் மாட்டிங்லி என்ற ஆய்வாளர் நெடுங்காலம் இதை எதிர்த்து எழுதிவந்தார். 1990-இல் லேசர் ஒளியின் துணையோடு கல்லை ஆராய்ந்தவர்கள் ஆன்ட்டிஃபான் என்ற வாசிப்பையே அறிவித்தார்கள். இன்று பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். இதனால் ஒரு கல்லின் ஆண்டு மட்டும் மாறவில்லை. அதே எழுத்து விதியால் பெரிக்ளிஸ் காலத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த பல கடுமையான ஆணைகள் பிற்காலத்துக்கு நகர முடிந்தது. ஏதென்ஸ் எப்போது தன் நட்பு நகரங்களை அடிமைப்படுத்தத் தொடங்கியது என்ற கேள்வியே மறுபடி திறந்துகொண்டது.

நாணயங்களைப் பொறுத்தவரை, படத்தையும் வாசகத்தையும் பார்ப்பதோடு எடையையும் உலோகத் தூய்மையையும் எங்கே எத்தனை சேர்ந்து கிடைத்தன என்பதையும் குறித்துக்கொள்ளப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும்.

ஆண்டும் மேற்கோளும்

சிறு செய்திகள்தாம், ஆனால் இவற்றில் தவறினால் கட்டுரை முழுவதன் மதிப்பும் குறையும். ஏதென்ஸின் ஆண்டு கோடைகாலத்தில் தொடங்கியது. அதனால்தான் 454/3 என்று சாய்கோட்டோடு எழுதுகிறோம். அதை 454 முதல் 453 வரையிலான இரண்டு முழு ஆண்டுகள் என்று பொருள்கொள்ளக் கூடாது. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, இடையில் சுழியம் என்று ஓர் ஆண்டு இல்லை, கால இடைவெளியைக் கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க மறவாதீர்கள். பண்டைய நூல்களைப் புத்தகப் பக்க எண்ணால் சுட்டுவதில்லை. பகுதி, இயல், உட்பிரிவு என்ற வரிசையில் துசிடிடீஸ் 1.22.4 என்பதுபோல் சுட்ட வேண்டும். பிளேட்டோவுக்கு 1578-இல் ஸ்டெஃபானஸ் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்ணும், அரிஸ்டாட்டிலுக்கு 1831-இல் வந்த பெக்கர் பதிப்பின் எண்ணும் உலகெங்கும் வழங்குகின்றன.

சுவடி வழி வந்த எண்களையும் தேதிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கி.பி. 79-இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்த நாளாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஆகஸ்ட் 24 இளைய பிளினியின் கடிதச் சுவடிகளிலிருந்து வந்தது. 2018-இல் பொம்பேயின் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய அக்டோபர் 17 என்ற தேதி கிடைத்தபோது, வெடிப்பு இலையுதிர் காலத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்ற பழைய ஐயம் வலுத்தது. ஆனால் அந்தக் கிறுக்கலில் ஆண்டு இல்லை. அது முந்தைய ஆண்டின் அக்டோபராகவும் இருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. பாடபேதம் என்பதைச் சங்க நூல் பதிப்புகளில் பார்த்துப் பழகிய வாசகருக்கு, பதிப்பின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் தரப்படும் மாற்றுப் பாடங்களை ஏன் தாண்டிச் செல்லக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையும் தேர்வும்

வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதச் சொல்லும் துறைகளில் புது மாணவர் செய்யும் முதல் காரியம், தரப்பட்ட நூற்பட்டியலில் மிகப் பருமனான நவீன நூலை எடுத்து அதைச் சுருக்கி எழுதுவது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மூலப்பகுதிகளைப் படித்து, உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை எழுதுங்கள். அடுத்து, ஆக்ஸ்ஃபோர்டு செவ்வியல் அகராதியில் உரிய பதிவுகளைப் பார்த்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபாருங்கள். அதன்பிறகு, ஒன்றோடொன்று மாறுபடும் இரண்டு நவீன கட்டுரைகளைப் படியுங்கள். இரண்டும் எந்த மூலவரியில் பிரிகின்றன என்று கண்டுபிடித்து அந்த வரிக்குத் திரும்புங்கள். உங்கள் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

பெலப்பொனீசியப் போர் ஏன் மூண்டது என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸின் வளர்ச்சியும் அது ஸ்பார்ட்டாவில் எழுப்பிய அச்சமும்தான் உண்மையான காரணம் என்று துசிடிடீஸ் 1.23.6-இல் சொன்னதை விரித்து எழுதினால் தேர்ச்சி மட்டுமே கிடைக்கும். மெகாரா நகரத்தாரை ஏதெனியப் பேரரசின் துறைமுகங்களிலிருந்தும் சந்தையிலிருந்தும் விலக்கிய ஆணையைப் பற்றி அவர் ஏன் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறார், அதே ஆணையைத் திரும்பப் பெற்றால் போர் இருக்காது என்று ஸ்பார்ட்டாவின் தூதர்கள் கூறியதாக 1.139-இல் அவரே எழுதியது ஏன், கி.மு. 425-இல் அரங்கேறிய நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் போரின் மூலமாக அந்த ஆணையையே கேலி செய்வதை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்று கேட்பவரின் கட்டுரையை ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

தேர்வில் மூலநூலிலிருந்து சில வரிகளைத் தந்து விளக்கம் கேட்கும் வினா தவறாமல் வரும். இதில் மாணவர்கள் கதையைத் திருப்பிச் சொல்லி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் அப்பகுதி எந்த நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லி முடித்துவிடுங்கள். பிறகு, தரப்பட்ட வரிகளில் உள்ள குறிப்பிட்ட சொற்களை எடுத்து, அவை எந்த வரலாற்றுச் சிக்கலைத் தொடுகின்றன, வேறு எந்தச் சான்று அதை உறுதிசெய்கிறது அல்லது மறுக்கிறது என்று எழுதுங்கள். அகஸ்டஸ் தம் செயல்களைத் தாமே பட்டியலிட்ட நீண்ட கல்வெட்டின் தொடக்கம் இவ்வகை வினாவுக்கு மிகவும் ஏற்றது. பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டியதாக அவர் பெருமை கொள்கிறார். தனிமனிதர் ஒருவர் படை திரட்டுவது சட்டப்படி என்ன பொருள்படும் என்பதை அந்தச் சொற்கள் மறைக்கின்றன. அங்காராவில் எஞ்சிய அக்கல்வெட்டு முழுவதிலும் புரூட்டஸ், காசியஸ், அந்தோனி ஆகிய எதிரிகளில் எவரையும் எதிரியாகப் பெயர் சொல்லி அவர் குறிக்கவில்லை. இதைக் கவனித்து, டாசிட்டஸ் 1.9-10-இல் அகஸ்டஸைப் பற்றி இருதரப்புப் பேச்சுகளை அடுக்குவதோடு ஒப்பிட்டால் விளக்கம் நிறைவு பெறும்.

ஆய்வேடு

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பேரரசின் வீழ்ச்சி போன்ற தலைப்பை எடுக்காதீர்கள். சான்றுகளின் பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய தலைப்பே நல்ல தலைப்பு.

தமிழ் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இந்தியப் பெருங்கடல் வணிகம் இயல்பான களம். உடன்பயிலும் மற்றவர்க்குத் திறக்காத சில சான்றுகள் இவருக்குத் திறக்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து எழுதப்பட்ட செங்கடல் பயண நூல் கிரேக்கத்தில் உண்டு. வியன்னாவில் உள்ள, 1985-இல் பதிப்பிக்கப்பட்ட இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று முசிறி வணிகத்துக்கான கடனுடன்படிக்கையையும், ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பையும் தருகிறது. அந்த மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமிலும் பெரனீக்கேயிலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானையோடுகள் கிடைத்துள்ளன. இந்தியாவின் அரசர்களிடமிருந்து தூதுகள் அடிக்கடி வந்ததாக அகஸ்டஸ் தம் கல்வெட்டின் 31-ஆம் இயலில் சொல்கிறார். அப்படி வந்த ஒன்று பாண்டியனிடமிருந்து என்றும், வேறு சிலரின் கூற்றுப்படி போரஸிடமிருந்து என்றும் ஸ்ட்ராபோ 15.1.4-இல் எழுதுகிறார்.

இந்தக் களத்தில் ஆர்வமே பகையாகும். ஸ்ட்ராபோ பாண்டியன் பெயரோடு போரஸின் பெயரையும் சொல்லியிருக்கும்போது, பின்னதை விட்டு முன்னதை மட்டும் மேற்கோள் காட்டத் தோன்றும், காட்டாதீர்கள். யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு 149 பாடுகிறது. அது அகத்திணைப் பாடல், வணிகக் கணக்கேடு அன்று. லியோன் தகட்டிடம் கேட்ட கேள்விகளையே அதனிடமும் கேளுங்கள்: யார் பாடியது, யாருக்காக, எந்தத் திணை மரபுக்குள் நின்று, எப்போது தொகுக்கப்பட்டது? ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று மூத்த பிளினி 6.101-இல் புலம்புவதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாமல், ரோமானியரின் ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதும் ஒழுக்கவாதியின் எண்ணாகவும் பாருங்கள். முசிறிப் பாப்பிரஸின் ஒரே கப்பலோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிட்டாலே ஆய்வேட்டின் ஓர் இயலுக்குப் போதிய செய்தி கிடைக்கும்.

மேற்பார்வையாளரை இரண்டாம் ஆண்டு முடியும் முன்பே அணுகி, தலைப்போடு சான்றுப் பட்டியலையும் கொடுங்கள். அந்தக் கோடை விடுமுறையில் ஏதென்ஸில் உள்ள பிரிட்டானியக் கழகம் இளங்கலை மாணவர்க்கென்று நடத்தும் பயிற்சிக்கோ, விந்தொலாந்தா அகழாய்வில் தன்னார்வலராகப் பணியாற்றவோ விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் முந்தைய குளிர்காலத்திலேயே அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள், பயணச் செலவுக்கு உங்கள் கல்லூரியிலோ துறையிலோ நிதியுதவி உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.